லண்டனுக்கு ஏழு, டெல்லிக்கு எத்தனை?

சென்ற இதழில் லண்டன் கால்பந்து டீம்களைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு இரண்டே வரியில் பதில் சொல்லி முடித்திருந்தோம். அது யாருக்கும் போதவில்லை போலிருக்கிறது. அல்சூர் தொடங்கி கே.ஜி.எஃப். வரை இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதையே துருவித் துருவிக் கேட்கின்றன. அதனால் சினிமா, அரசியல், மாவடு ஊறுகாய் எல்லாவற்றுக்கும் இந்த இதழில் லீவு.

கேள்வி: இங்கிலாந்தின் மேல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் மொத்தம் 20 டீம். அதில் ஆர்சனல், செல்சி, டோட்டன்ஹாம், வெஸ்ட் ஹாம், கிரிஸ்டல் பேலஸ், ஃபுல்ஹாம், பிரென்ட்ஃபோர்டு என்று ஏழு டீம் லண்டன். ஒரே ஊருக்கு ஏழா? தலைநகரம் என்பதால் கிடைக்கிற சலுகையா?
– ஐ.டி. ஊழியர், பெல்லந்தூர்

பதில்: சலுகை ஒன்றும் கிடையாது. கடைசி மூன்று இடத்தில் முடித்தால் தலைநகரமாவது ஒன்றாவது, கீழ் டிவிஷனுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனாலும் 2022-23 சீசனிலிருந்து 2025-26 வரை தொடர்ந்து ஏழு என்பது நிஜம். இங்கிலாந்து ஜனத்தொகையில் லண்டன்காரர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு, லீக்கிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

ஆரம்பத்தில் கதை நேர் எதிராக இருந்தது. 1888-ல் இங்கிலாந்தின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது சேர்ந்த 12 கிளப்பில் லண்டன் கிளப் ஒன்றுகூட இல்லை. பிரெஸ்டன், பிளாக்பர்ன், பர்ன்லி, போல்டன், அக்ரிங்டன் என்று வடக்கே பஞ்சாலை ஊர்கள், ஸ்டோக், டெர்பி, வுல்வர்ஹாம்ப்டன் என்று நடு இங்கிலாந்தின் தொழிற்சாலை ஊர்கள். காரணம் ரொம்ப எளிது. 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தால் துணி ஆலைகளில் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. சங்கு ஊதியதும் கையில் வாரக்கூலியோடு வெளியே வருகிற ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு அந்த மதியத்தில் ஏதாவது ஒரு பொழுதுபோக்கு வேண்டியிருந்தது, இன்று வரை சனிக்கிழமை மூன்று மணி மேட்ச் என்ற வழக்கம் இருப்பது அந்தச் சங்கின் தயவில்தான். ஊர்ப் பணக்காரர்கள் நல்ல ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகக் காசு கொடுத்துச் சேர்த்தார்கள், 1885-ல் கால்பந்துச் சங்கமும் வேறு வழியில்லாமல் சம்பளத்துக்கு ஆடுவதை அனுமதித்தது. லண்டன் கனவான்களுக்கோ காசுக்கு ஆடுவது கேவலம். வுல்விச்சில் பீரங்கித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 1886-ல் தொடங்கிய டீம்தான் ஆர்சனல். அவர்கள் 1891-ல் சம்பளம் கொடுக்க ஆரம்பித்ததும் லண்டன் சங்கம் தன் போட்டிகளிலிருந்து அவர்களை ஒதுக்கி வைத்தது. அதனால் அவர்கள் 1893-ல் வடக்கத்திக்காரர்களின் லீக்கில் போய்ச் சேர்ந்தார்கள். லண்டனுக்கு முதல் லீக் பட்டம் வந்தது 1931-ல், அதுவும் ஆர்சனல் மூலமாக. லீக் தொடங்கி 43 வருஷம் தலைநகரம் வாயைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

பட்டக் கணக்கில் இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. 2025 மே வரை மான்செஸ்டர் நகரத்துக்கு 30, லிவர்பூல் நகரத்துக்கு 29. லண்டன் மொத்தமும் சேர்ந்து 21, அதில் 13 ஆர்சனல், 6 செல்சி, 2 டோட்டன்ஹாம். தலை எண்ணிக்கையில் லண்டன் ராஜா, கோப்பை அலமாரியில் இல்லை.

சரி, இப்போது மட்டும் ஏன் ஏழு? டி.வி. பணம் வந்த பிறகு லீக்கில் கடைசியாக முடிக்கிற டீமுக்கே வருஷத்துக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. ஆகவே உள்ளூர் ஆலை முதலாளி தேவையில்லை, உலகத்தில் எங்கே இருக்கிற பணக்காரரும் வாங்கலாம். அப்படி வாங்க வருகிறவருக்கு விமான நிலையம், வங்கி, வக்கீல் எல்லாம் லண்டனில்தானே? 2003-ல் ரோமன் அப்ரமோவிச் செல்சியை வாங்கியது எல்லோருக்கும் தெரியும். பிரென்ட்ஃபோர்டு இன்னும் வேடிக்கை, சூதாட்டப் புள்ளிவிவரத்தில் சம்பாதித்த ஒரு உள்ளூர் ரசிகர் வாங்கி, 1947-க்குப் பிறகு முதல் முறையாக 2021-ல் மேல் டிவிஷனுக்குக் கொண்டுவந்தார்.

இன்னொன்று பையன்கள். தெற்கு லண்டனில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே கம்பி வேலி போட்ட சின்ன சிமெண்ட் மைதானங்கள் இருக்கின்றன, அங்கே ஆடிப் பழகியவனிடமிருந்து பந்தைப் பறிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எபெரேச்சி எஸே கிரீனிச் பையன். 13 வயதில் ஆர்சனல் வேண்டாம் என்று அனுப்பியது. ஃபுல்ஹாம், ரெடிங், மில்வால் என்று சுற்றி, அங்கேயும் தேறாமல், கியூ.பி.ஆர். என்ற இன்னொரு லண்டன் டீம் எடுத்துக்கொண்டது, அங்கிருந்து கிரிஸ்டல் பேலஸ். 2025 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக அவன் அடித்த ஒரே கோலில்தான் பேலஸுக்கு முதல் பெரிய கோப்பை. அதே ஆகஸ்டில் ஆர்சனல் கோடி கோடியாகக் கொட்டி அவனைத் திரும்ப வாங்கியது. ஒரு டீம் கழித்துவிட்ட பையனை எடுத்துக்கொள்ள பஸ் போகிற தூரத்தில் இன்னும் பத்து டீம் இருக்கிறதே, அந்த வசதி பர்ன்லிக்கு வராது.

கேள்வி: பெரிய ஊர் ஜெயிக்கும், சின்ன ஊர் தோற்கும். இதில் ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கிறது?
– வாசகர், ராஜாஜி நகர்

பதில்: இருக்கிறது சார். ஐரோப்பாவின் பெரிய கோப்பையை 1979, 1980 இரண்டு வருஷமும் தூக்கியது நாட்டிங்காம், சுமார் மூன்று லட்சம் பேர் இருக்கிற ஊர். லண்டன் அதே கோப்பையை முதல் தடவை தொட்டது 2012-ல், செல்சி மூலமாக. 1988-ல் ஜெயித்த பி.எஸ்.வி. ஐந்தோவன் ஊரில் பல்பு செய்த ஃபிலிப்ஸ் கம்பெனியின் டீம், பெயரிலேயே ஃபிலிப்ஸ் இருக்கிறது. யுவென்டஸ் டூரினில், ஃபியட் கார் கம்பெனியின் அன்யெல்லி குடும்பத்தின் கையில் 1923-லிருந்து. இத்தாலியின் தலைநகரம் ரோம் இரண்டு டீமையும் சேர்த்து ஐந்தே பட்டம், யுவென்டஸ் ஒன்றுக்கே 36. ரோமில் மந்திரி இருக்கிறார், போப்பாண்டவர் பக்கத்திலேயே இருக்கிறார், சம்பளம் கொடுக்கிற கார் கம்பெனி வடக்கே இருந்தது.

ஊரின் அளவு கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் கிராமத்திலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவனுக்கு எந்த ஊரில் வேலை கிடைத்தது, வேலை கொடுத்த முதலாளி டீமுக்கும் செலவு செய்தாரா என்று பாருங்கள். முக்கால்வாசி நாடுகளில் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கேள்வி: ரியல் மாட்ரிட் ஜெயித்தது எல்லாம் ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோ தயவு என்று என் ரூம்மேட் அடித்துச் சொல்கிறான். அவன் பார்சலோனா ரசிகன். நம்பலாமா?
– கல்லூரி மாணவர், ஃப்ரேசர் டவுன்

பதில்: பார்சலோனா ரசிகர் சொன்னால் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் தம்பி. ஃபிராங்கோ ஆட்சிக்கு வந்தது 1939-ல். அவர் காலத்தில் ரியல் மாட்ரிட்டின் முதல் லீக் பட்டம் 1954-ல். நடுவில் பார்சலோனா ஐந்து முறை ஜெயித்திருக்கிறது! தொடக்கத்தில் ஆட்சிக்கு நெருக்கமாக இருந்த டீம் உண்மையில் மாட்ரிட்டின் இன்னொரு டீமான அத்லெடிகோ. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு விமானப்படை டீமும் அதுவும் ஒன்றாகி, அத்லெடிகோ அவியாசியோன் என்ற பெயரில் 1940, 1941 இரண்டு பட்டமும் வாங்கியது.

ரியலைத் தூக்கி நிறுத்தியது 1943-ல் தலைவராக வந்த சான்டியாகோ பெர்னபேயு. ரசிகர்களிடமே கடன் பத்திரம் விற்றுப் பெரிய மைதானம் கட்டினார், 1947-ல் திறந்தார். 1953-ல் அர்ஜென்டினாக்காரர் டி ஸ்டெஃபானோவுக்கு இரண்டு கிளப்பும் உரிமை கொண்டாடியபோது, ஒரு வருஷம் நீ, ஒரு வருஷம் அவன் என்று கால்பந்து சம்மேளனம் பங்கு பிரித்துக் கொடுத்தது, அந்தக் கூத்து வேண்டாம் என்று பார்சலோனா விலகிக்கொண்டது. அந்த இடத்தில் திரைக்குப் பின்னால் யார் கை இருந்தது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள், உங்கள் ரூமிலும் தொடரட்டும். அதற்குப் பிறகு 1956 முதல் 1960 வரை ஐந்து ஐரோப்பியக் கோப்பை வரிசையாக வந்தது. ஜெயிக்கிற குதிரை என்று தெரிந்த பிறகு ஆட்சி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, எந்த ஆட்சியும் செய்வதுதான். இதற்கு நடுவில் வங்கிகள், பெரிய கம்பெனிகளின் தலைமை அலுவலகங்கள், பிழைப்புத் தேடி வந்த கிராமத்து ஜனங்கள் எல்லாம் மாட்ரிட்டில் குவிந்தது என்பதையும் உங்கள் நண்பனிடம் சொல்லுங்கள். ஃபிராங்கோ போய் 50 வருஷம் ஆகிறது, ரியல் இன்னும் ஜெயிக்கிறதே.

கேள்வி: என் மகனோடு உட்கார்ந்து மேட்ச் பார்த்துப் பார்த்து எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஜெர்மனியில் எப்போதும் பேயர்ன் மியூனிக். தலைநகரம் பெர்லினுக்கு என்ன கேடு?
– இல்லத்தரசி, ஜீவன்பீமா நகர்

பதில்: பெர்லினுக்கு வந்த கேடு கொஞ்சநஞ்சமில்லை அம்மா. ஹெர்த்தா பெர்லின் 1930, 1931 இரண்டு வருஷமும் ஜெர்மன் சாம்பியன். அதோடு சரி, இன்று வரை மூன்றாவது வரவில்லை. போருக்குப் பிறகு ஊரை நான்கு நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. கம்பெனிகள் பயந்து வெளியேறின. சீமென்ஸ் தலைமை அலுவலகம் மியூனிக்குக்குப் போனது. 1890-ல் பெர்லினில் பிறந்த அலையன்ஸ் இன்ஷூரன்ஸும் 1949-ல் மியூனிக்குக்குப் போனது, இன்று பேயர்ன் ஆடுகிற மைதானத்தின் நெற்றியில் எரிகிற பெயர் அதேதான். கிளப்பில் எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் பங்கும் வைத்திருக்கிறது. பெர்லினின் காசு எங்கே போனது என்று தெரிய வேண்டுமானால் மகனிடம் சொல்லி அந்த மைதானத்தின் படத்தைப் பாருங்கள்.

1961-ல் ஊரை இரண்டாகப் பிரித்துச் சுவர் எழும்பியதும் மேற்கு பெர்லின் கிழக்கு ஜெர்மனிக்கு நடுவே நடுக்கடல் தீவு மாதிரி ஆகிவிட்டது. எந்த ஆட்டக்காரன் அங்கே குடும்பத்தோடு போவான்? ஹெர்த்தா என்ன செய்தது, சட்டம் அனுமதித்ததைவிட அதிகமாகப் பணம் கொடுத்து ஆள் பிடித்தது. கணக்குப் புத்தகத்தில் ஓட்டை தெரிந்தது, 1965-ல் மேற்கு ஜெர்மனியின் மேல் டிவிஷனான பண்டெஸ்லிகாவிலிருந்து வெளியே தள்ளினார்கள். ஆனால் மேற்கு பெர்லினில் ஒரு டீமாவது மேல் டிவிஷனில் இருந்தாக வேண்டும் என்பது அரசியல் கட்டாயம், சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே! அதனால் டாஸ்மானியா பெர்லின் என்று ஒரு டீமைக் கடைசி நேரத்தில் தூக்கி உள்ளே போட்டார்கள். சீசன் தொடங்க சில வாரங்களே இருந்தன. முதல் மேட்ச் ஜெயித்தார்கள், ஊரே கொண்டாடியது. அதற்குப் பிறகு 31 மேட்ச் வரிசையாக ஜெயிக்கவே இல்லை. சீசன் முடிவில் 34 மேட்சில் இரண்டே வெற்றி, அடித்த கோல் 15, வாங்கிய கோல் 108. பண்டெஸ்லிகா வரலாற்றிலேயே மோசமான டீம் எது என்று கேட்டால் இன்றைக்கும் ஜெர்மானியர்கள் யோசிக்காமல் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். தலைநகரம் என்ற கௌரவத்துக்காக டீம் வைத்தால் இப்படித்தான் முடியும்.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு தமாஷ். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் தலைவர் எரிக் மீல்கேவுக்குக் கால்பந்து மோகம். தலைநகரத்துக்கு நல்ல டீம் வேண்டும் என்று 1954-ல் டிரெஸ்டன் போலீஸ் டீமின் ஆட்டக்காரர்களை அப்படியே பெயர்த்து பெர்லினுக்குக் கொண்டுவந்தார்கள். பி.எஃப்.சி. டைனமோ என்று பிறகு பெயர் பெற்ற அந்த கிளப் 1979-லிருந்து 1988 வரை பத்து வருஷம் தொடர்ந்து சாம்பியன். நடுவர் விசில் யாருக்காக ஊதுகிறது என்று ஊர் முழுக்க முணுமுணுத்தது. 1986-ல் லைப்ஜிக்கில் கூடுதல் நேரத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கொடுத்தபோது எழுந்த கூச்சலில் அந்த நடுவரையே நீக்க வேண்டி வந்தது. 1989-ல் சுவர் விழுந்தது. அந்த டீம் ஒன்றுபட்ட ஜெர்மனியின் முதல் டிவிஷனை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. உத்தரவில் வந்த பட்டம் உத்தரவு போட்ட ஆளோடு போய்விட்டது. இதே மாதிரி புகாரெஸ்ட், சோஃபியா, மாஸ்கோ எல்லாவற்றிலும் ராணுவ டீம், போலீஸ் டீம் என்று தலைநகரில்தான் இருந்தன, அவற்றை எல்லாம் சொல்ல ஆரம்பித்தால் பத்திரிகையில் ராசிபலனுக்கு இடம் இருக்காது.

கேள்வி: பாரிஸ் டீம்? காசு இருந்தால் போதுமா?
– வாசகர், விவேக் நகர்

பதில்: போதும், ஆனால் நேரம் எடுக்கும். பி.எஸ்.ஜி. 1970-ல் பிறந்த கிளப், 2011-ல் கத்தார்காரர்கள் வாங்குகிற வரை இரண்டே லீக் பட்டம். வாங்கிய பிறகு 2025-க்குள் 11. ஐரோப்பியக் கோப்பைக்கு மட்டும் 14 வருஷம் காத்திருந்தார்கள். நெய்மார், மெஸ்ஸி, எம்பாப்பே மூன்று பேரையும் வைத்துக்கொண்டு கிடைக்காதது, மூன்று பேரும் போன பிறகு 2025-ல் இன்டர் மிலானை 5-0 என்று அடித்துக் கிடைத்தது.

கேள்வி: டெல்லியில் 20 வருஷம் குப்பை கொட்டிவிட்டு இப்போது பெங்களூர் வந்திருக்கிறேன். நாட்டின் தலைநகரம், காசுக்குக் குறைவில்லை, ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் மாதிரி மைதானம் இருக்கிறது. டெல்லி டீம் ஏன் ஒரு தடவைகூட இந்திய சாம்பியன் ஆகவில்லை?
– மத்திய அரசு ஓய்வூதியர், ஒயிட்ஃபீல்டு

பதில்: இந்தக் கேள்வியை அங்காராவில் இருக்கிற ஒரு துருக்கிக்காரரும் கேட்பார். 1923-ல் துருக்கி தலைநகரத்தை இஸ்தான்புல்லிலிருந்து அங்காராவுக்கு மாற்றினார்கள். கலாடசராய், ஃபெனர்பாசே, பெஷிக்டாஷ் மூன்று கிளப்பும் அதற்கு முன்பே இஸ்தான்புல்லில் வேர் விட்டுவிட்டன. 1959-ல் தேசிய லீக் தொடங்கியதிலிருந்து அங்காரா டீம் ஒன்றுகூட பட்டம் வாங்கவில்லை. பிரேசில் 1960-ல் பிரசிலியா என்று புதுத் தலைநகரமே கட்டியது, அங்கேயும் தேசியப் பட்டம் போய்ச் சேரவில்லை. மந்திரி வருவார், ஃபைல் வரும், லாரியில் மேஜை நாற்காலி வரும், கிளப் வராது.

நம் கதையில் தேதிகளைப் பாருங்கள். 1911 ஜூலை 29, கொல்கத்தா. மோகன் பகான் டீம் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று அடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்குகிறது, ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்கால். வெள்ளைக்காரப் பட்டாளத்தை இந்தியர்கள் அடித்த சந்தோஷத்தில் ஊர் தூங்கவில்லை. அதே வருஷம் டிசம்பர் 12, டெல்லி தர்பாரில் தலைநகரம் கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் அறிவிக்கிறார். அரசாங்கம் ரயிலேறிப் போனது. மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங், பிறகு 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் எல்லாம் ஹூக்ளிக் கரையிலேயே இருந்துகொண்டன. துறைமுகம், சணல் ஆலை, ரயில்வே, கிழக்கிலிருந்து வந்த அகதிகள், அங்கே ரசிகனுக்கும் பஞ்சமில்லை, முதலாளிக்கும் பஞ்சமில்லை.

டெல்லிக்குக் கிடைத்தது கோப்பை நடத்துகிற வேலை. 1888-ல் சிம்லாவில் தொடங்கிய டூராண்ட் கோப்பை 1940-ல் டெல்லிக்கு வந்தது, ஜெயித்துக்கொண்டு போனது பெரும்பாலும் கொல்கத்தாக்காரர்களும் பட்டாளத்து டீம்களும். 2019-ல் அந்தக் கோப்பையும் கொல்கத்தா பக்கம் போய்விட்டது. ஐ.எஸ்.எல். என்ற இந்திய லீக்கில் 2014-ல் டெல்லி டைனமோஸ் வந்தது, 2019-ல் பெயர் மாறி ஒடிசா எஃப்.சி. என்று புவனேஸ்வர் போனது. 2023-லிருந்து நேரு ஸ்டேடியத்தில் சொந்த ஊர் மேட்ச் ஆடியது பஞ்சாப் டீம்! 2025-ல் ஹைதராபாத் டீமை டெல்லிக்கு மாற்றி ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர், மாற்றல் ஆர்டரில் வந்தவர்கள் ஒரு ஊரோடு எவ்வளவு ஒட்டுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: வெளிநாட்டுக் கதை, டெல்லிக் கதை எல்லாம் இருக்கட்டும். நம் கர்நாடக மாநில லீக்கான சூப்பர் டிவிஷனில் ஏறக்குறைய எல்லா டீமும் பெங்களூர் டீமாகவே இருக்கிறதே, ஹூப்ளி, மைசூர்ப் பையன்களுக்கு ஆடத் தெரியாதா?
– ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கௌதமபுரம்

பதில்: ஐயா, விடையை நீங்கள் கையெழுத்துக்குக் கீழேயே எழுதி அனுப்பிவிட்டீர்கள். டெலிபோன் செய்த ஐ.டி.ஐ., விமானம் செய்த எச்.ஏ.எல். இரண்டுக்கும் சொந்தமாக டீம். நல்லா ஆடுகிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, மாதச் சம்பளம், கேன்டீன் சாப்பாடு, சாயங்காலம் பிராக்டிஸ். எச்.ஏ.எல். 2012 வரை, அப்போது நாட்டின் மேல் டிவிஷனாக இருந்த ஐ-லீக்கிலேயே ஆடியது. அந்தத் தொழிற்சாலைகள் ஹூப்ளியில் இருந்திருந்தால் நாம் ஹூப்ளி டீமைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

அதற்கும் முன்னால் கன்டோன்மென்ட். 1809-லிருந்து வெள்ளைக்காரப் பட்டாளம் இங்கே முகாம் போட்டது, அதன் பின்னாலேயே சமையலுக்கும் சலவைக்கும் கட்டட வேலைக்கும் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து நம் ஜனங்கள் வந்து அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் என்று குடியேறினார்கள். சோல்ஜர்கள் ஆடிய பந்தைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த பையன்கள் பிறகு அவர்களையே எதிர்த்து ஆடினார்கள். 1937-ல் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை முதன்முதலில் வென்ற இந்திய டீம் பெங்களூர் முஸ்லிம்ஸ். சாரங்கபாணி ராமன் என்ற பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் அடித்த முதல் கால்பந்து கோல் அவருடையது. 1948 ஜூலை 31, பிரான்ஸுக்கு எதிராக, இன்று லண்டனுக்குள் இருக்கிற இல்ஃபோர்டில். இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு 2-1 என்று தோற்றோம். அதே டீமில் இருந்த பெங்களூர் அகமது கான் கொல்கத்தா போய் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார், அங்கே முன்வரிசையில் ஆடிய ஐந்து பேரைப் பஞ்ச பாண்டவர் என்பார்கள், ஐந்து பேருமே தெற்கத்திக்காரர்கள். அதாவது, நம் ஆட்கள் இங்கே ஜெயித்ததைவிட கொல்கத்தாவை ஜெயிக்க வைத்தது அதிகம். அங்கே காசு, இங்கே கால்.

உங்கள் கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பந்தும் கையுமாகப் பெலேவும் நிற்கிறாரே, இந்தியாவில் எத்தனை தெருவுக்கு அது வாய்க்கும்! ஆனால் அந்தத் தெருப் பையன் இன்று எந்தத் தொழிற்சாலையில் கோட்டா வேலைக்குப் போவான்? பொதுத்துறைக் கம்பெனிகள் டீம்களைச் சுருக்கிவிட்டன. 2013-ல் வந்த பெங்களூரு எஃப்.சி. முதல் வருஷமே ஐ-லீக் ஜெயித்தது, 2019-ல் ஐ.எஸ்.எல்.லும் ஜெயித்தது, ஸ்டீல் கம்பெனிக் காசு, நன்றாக நடத்துகிறார்கள். ஆனாலும் ஒரே ஒரு டீம் எத்தனை பையனுக்கு இடம் கொடுக்கும்? மற்ற பையன்களுக்கு சூப்பர் டிவிஷன், மாநிலங்கள் மோதுகிற சந்தோஷ் டிராஃபி. 2023 மார்ச்சில் கர்நாடகம் 54 வருஷத்துக்குப் பிறகு ரியாத்தில் போய் சந்தோஷ் டிராஃபி வாங்கி வந்ததே, மறுநாள் பேப்பரில் எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மைசூர், ஹூப்ளி விஷயத்துக்கு வருகிறேன். ஆடத் தெரியும், ஆட இடம்தான் இல்லை. லீக் நடப்பது பெங்களூரில், சங்க அலுவலகம் பெங்களூரில். வெளியூர் டீம் ஒவ்வொரு மேட்சுக்கும் 20 பேரைப் பஸ் ஏற்றி, லாட்ஜ் போட்டுச் சாப்பாடு போட வேண்டும். யார் கொடுப்பார்கள்? என்னைக் கேட்டால், மாவட்டங்களில் ஆறு மாத லீக் நடத்தி மேலே வருகிற நான்கு டீமுக்குச் சங்கமே பயணச் செலவு கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் மாநில லீக் என்று சொல்லிக்கொள்வது சும்மா.

கேள்வி: எங்கள் கே.ஜி.எஃப்.பில் அப்பா காலத்தில் சுரங்கத்து டீம்கள் ஆடும்போது மைதானம் நிரம்பி வழியும் என்பார். இப்போது ஒன்றும் இல்லை. என் மகனுக்கு 12 வயது, நன்றாக ஆடுகிறான். பெங்களூருக்கு அனுப்பினால்தான் எதிர்காலமா?
– தினமும் ரயிலில் பெங்களூர் வந்து போகிறவர், ராபர்ட்சன்பேட்டை

பதில்: உங்கள் அப்பா சொன்னது சரியாகத்தான் இருக்கும். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள், சம்பளத்தோடு டீமும் போயிருக்கும். 1888-ல் லீக் தொடங்கிய ஊர்களுக்கும் அதே கதிதான். அக்ரிங்டனின் அந்தப் பழைய கிளப் 1896-லேயே கலைந்தது, முதல் சாம்பியன் பிரெஸ்டன் 1961-ல் கீழே போனது, திரும்ப வரவில்லை. பிளாக்பர்ன் மட்டும் 1995-ல் ஒரு தடவை சாம்பியன் ஆனது, ஜாக் வாக்கர் என்று அதே ஊர்க்காரர் எஃகுத் தொழிலில் சம்பாதித்ததைக் கொட்டினார். கே.ஜி.எஃப்.பில் அப்படி யாராவது சம்பாதித்திருந்தால் இந்தப் பக்கத்தை வெட்டி அனுப்பி வையுங்கள்.

பையன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 12 வயசுப் பிள்ளையைத் தினமும் அந்த ரயில் நெரிசலில் போட்டால் பந்தும் வராது, படிப்பும் வராது. அந்தக் கூட்டம் உங்களுக்குத் தெரியாததா? இன்னும் ஒன்றிரண்டு வருஷம் அங்கேயே பெரிய பசங்களோடு ஆடட்டும், கோடை லீவில் பெங்களூரில் உறவினர் வீட்டில் தங்க வைத்து வயது வாரியான போட்டிகளில் இறக்கிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ் அசலைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், வயது விஷயத்தில் இப்போது கெடுபிடி அதிகம். செலக்‌ஷனுக்குக் கூட்டிப்போகிறேன், ஐரோப்பாவுக்கே அனுப்புகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்கள் உண்டு. எந்தச் சங்கத்தில் பதிவு, ரசீது எங்கே, போன வருஷம் சேர்ந்த பையன்கள் இப்போது எந்த டீமில் என்று மூன்றையும் கேளுங்கள். பதில் இழுத்தால் அன்று சாயங்கால ரயிலிலேயே பையனைக் கூட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேருங்கள்.